பெரியத்தையிடம் தோற்க ஒரு மணி நேரம்

திருவனந்தபுரம் மணக்காட்டில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் படியில், விடிவதற்குள் ஒரு கண்ணாடி டம்ளரில் பால் விடாத கட்டன் சாயா வந்து உட்கார்ந்திருக்கும். ஆறிப்போகாமல் இருக்க மேலே ஒரு சின்னத் தட்டு. வைப்பது கீழ்வீட்டு லதா சேச்சி, வீட்டின் சொந்தக்காரர். நான் கேட்டதுமில்லை, வாடகையில் சேர்ந்ததுமில்லை. எங்கள் தூத்துக்குடியில் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறினால் ஒன்று தண்ணீர் மோட்டார் பஞ்சாயத்து, இல்லாவிட்டால் வாடகை உயர்வு. அந்தப் பயத்திலேயே ஒரு வாரம் சாயாவைச் சந்தேகத்தோடு குடித்தேன். பிறகு ஒரு நாள் சேச்சி படியில் எதிர்ப்பட்டு, "மோளே, நல்லா படிக்கணம் கேட்டோ. ஞான் டிவி சத்தம் குறச்சு வச்சிட்டுண்டு" என்றார். அப்போதுதான் விளங்கியது. இந்த ஊரில் விடியற்காலையில் ஒரு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால், உள்ளே யாரோ பி.எஸ்.சி. தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போகப் படிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். தெருவே அவர்களுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். நான் படிக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தேன்.

வீடியோ கேம் என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு மிட்டாய் நகர்த்துகிற விளையாட்டு ஞாபகம் வரும். நான் ஆடுவது வேறு ஜாதி. இடிந்த கோட்டை ஒன்றில் ஒரு வீரனை நடத்திக்கொண்டு போக வேண்டும். மூலைக்கு மூலை ஒருவன் நின்று கொல்வான். செத்தால் பழைய இடத்திலிருந்து மறுபடி நடக்க வேண்டும். எதிரி கையை ஓங்குவதற்கும் அடி விழுவதற்கும் நடுவில் இருக்கும் அந்தக் கண்ணிமைப்பைக் கற்றுக்கொள்ளும்வரை விமோசனம் கிடையாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லிக்கொடுத்த வேறு வாத்தியாரை நான் பார்த்ததில்லை. ஒரே சங்கடம், இடையில் நிறுத்தி வைக்க முடியாது. காலிங்பெல் அடித்தாலும் போன் வந்தாலும் எதிரி காத்திருக்க மாட்டான். எனவே யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகத்தில், இறங்கும் கன்டெய்னர்களை எந்த வரிசையில் எதன்மேல் அடுக்குவது என்று திட்டம் போடும் வேலை எனக்கு. கப்பல் தாமதமானால் போட்ட திட்டம் அத்தனையும் பாழ். பகல் முழுக்கப் போனும் கையுமாக இருந்துவிட்டு வருகிறவளுக்கு சாயங்காலம் மூளையில் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சுவது அலுவலக வேன் வருவதற்கு முந்தைய அந்த விடியற்காலைதான்.

தூத்துக்குடி வீட்டில் அதுவும் கிடைத்ததில்லை. அங்கே பெண்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் பூண்டு உரிக்கக் கூப்பிடுவார்கள். கூடத்துக் கம்ப்யூட்டரில் நானும் தம்பி கணேசனும் ஆளுக்கொரு பாதியாக விளையாடியதெல்லாம் பத்து குரல்களுக்கு நடுவில்தான். இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. அதைச் சுதந்திரம் என்று நினைத்துதான் வந்தேன். சுதந்திரம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஜெயித்த அன்று திரும்பிப் பார்த்தால் அறையில் நாற்காலி மட்டும் இருக்கும்.

அதனால்தான் நானும் கணேசனும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். விளையாட்டில் இருவருக்கும் ஒரே கணக்கு, ஒரே வீரன். இங்கே என் லேப்டாப்பில் நான் விட்ட இடத்திலிருந்து, அங்கே அவன் தொடரலாம். அப்பாவின் பாத்திரக்கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஊரே கண்ணயரும் நேரம் அவனுடையது. விடியற்காலை என்னுடையது. நாங்கள் போனில் அதிகம் பேசுவதில்லை, பேசினாலும் அம்மாவின் மாத்திரை, கடைச் சரக்கு என்று முடிந்துவிடும். வீரன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தாலே அவன் முந்தின நாள் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியும். முன்னேறியிருந்தால் கடையில் கூட்டமில்லை. ஒரே இடத்தில் பலமுறை செத்திருந்தால் யாரிடமோ கோபம். எனக்குப் பெரிய கேடயம் பிடிக்கும், அவனுக்குப் பெரிய சம்மட்டி. இரண்டையும் சுமந்துகொண்டு எங்கள் வீரன் ஆடி அசைந்துதான் ஓடுவான். விவரம் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

கடைசிக் கோபுரத்தில் நான்கு கைகளோடு ஒரு ராணி நிற்கிறாள். எங்கள் குடும்பத்தில் எந்தப் பந்தியிலும் குற்றம் கண்டுபிடிக்கும் பெரியத்தையின் நினைவாக, அவளுக்குப் பெரியத்தை என்றே பெயர் வைத்தோம். அவளை மட்டும் நான் ஊருக்கு வரும்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வீழ்த்துவது என்று பேச்சு. பொங்கலுக்குப் போவதாக இருந்தேன், கப்பலுக்குப் பொங்கல் தெரியாது. பிறகு பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு என்றேன், அதுவும் நடக்கவில்லை. தனித்தனியாகப் போய் அவளிடம் அடி வாங்கிப் பழகினோமே தவிர, வீழ்த்த இருவருமே முயலவில்லை.

இதற்கிடையில் சேச்சியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சாயாவின் பாரம் தாங்கவில்லை. "கேமோ? கொச்சுப் பிள்ளேரு களிக்கண கேமோ?" என்றார். ஆமாம், குழந்தைகள் ஆடுவதுதான், ஆனால் கொஞ்சம் கஷ்டமானது என்றேன். "ஜயிச்சால் எந்து கிட்டும்?"

"ஒண்ணும் கிட்டில்ல, சேச்சி."

"பின்னே எந்தினா மோளே இத்தற கஷ்டப்பாடு?"

எதற்காக இவ்வளவு பாடு என்று அவர் கேட்டதில் கேலி இல்லை, நிஜமான கவலைதான் இருந்தது. டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளும் சாயா வந்தது. கேம் என்றதை அவர் நம்பாமல், வெட்கத்தில் தேர்வை மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார் போல. என் அம்மா கேட்டிருந்தால், ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று முடித்திருப்பாள்.

போன மாதம் கணேசனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சந்தோஷம்தான். ஆனால் அந்த வாரமே போனில் சொன்னான்: "எக்கா, இனிமே எனக்கு நேரம் கெடைக்காது. வீடு வெள்ளையடிக்கணும், கடைய வேற பெருசாக்கணும். பெரியத்தைய நீயே முடிச்சிரு."

"சரில" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அழுகை வந்தது. பிள்ளை வளர்ந்து பொறுப்பாகிவிட்டான் என்று பெருமைப்பட வேண்டிய அக்கா, ஒரு பொம்மை ராணிக்காக அழுகிறாள். ராணிக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதன்பின் விடியலில் திறந்தால் வீரன் நான் விட்ட இடத்திலேயே நின்றான். மறுநாளும் அங்கேயே. ஊரிலிருந்து ஒரு தகவலும் இல்லாமல் வீரன் நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. முடித்துத் தொலைக்கலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் ஹர்த்தால் வந்தது. நம் ஊரில் கடையடைப்பு என்றால் முன்ஷட்டர் மூடியிருக்கும், பின்வாசலில் வியாபாரம் நடக்கும். இங்கே அப்படி இல்லை. முதல் ஹர்த்தாலன்று விவரம் தெரியாமல், வேன் வராததால் பஸ் பிடிக்கப் பையோடு கிழக்கேகோட்டை வரை நடந்து, ஒரு பஸ்கூட இல்லாத நிலையத்தில் நான் மட்டும் நின்றேன். இப்போது தேறிவிட்டேன். முந்தின சாயங்காலமே சேச்சி படியில் நின்று, "நாளெ ஹர்த்தாலாணு. கோழி வாங்கிச்சோ?" என்று பண்டிகைபோல விசாரித்தார். அலுவலக வேன் ஓடாது. ஏற்கெனவே துறைமுகத்தில் இருக்கும் ஷிப்ட்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று செய்தி வந்தது. எனக்கு ஒரு முழுப் பகல் கிடைத்தது.

காலையிலிருந்து பெரியத்தையிடம் தோற்றேன். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி தோற்றேன். மத்தியானம் ஒரு ஆட்டம் அமைந்தது. அவளுடைய ஒவ்வொரு கையும் எப்போது இறங்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. என் கேடயம் தாங்கியது, கணேசனின் சம்மட்டி இறங்கியது. அவள் உயிர்க்கோடு நூலளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே அடி. கையை ஓங்கினேன், திரை கறுத்துவிட்டது. நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: உங்கள் கணக்கு வேறோர் இடத்தில் பயன்பாட்டில் உள்ளது.

ஒரு கணக்கில் ஒருவருக்குத்தான் இடம், பிந்தி நுழைகிறவர் முந்தி இருப்பவரை வெளியே தள்ளிவிடுவார். எங்கள் நேரங்கள் மோதியதே இல்லை என்பதால் இதை மறந்தே போயிருந்தேன். வந்த கோபத்தில் உடனே போன் போட்டேன்.

"ஏல, என்ன வேல பாத்த நீ!"

"எக்கா? நீ உள்ளயா இருந்த? இன்னைக்கி வேலநாளுல்லா?"

"இங்க ஹர்த்தாலு. ஒரே அடி பாக்கி, தெரியுமா? ஒரே அடி!"

அவன் தாழ்ந்த குரலில், "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீ முடிச்சிருப்பியோன்னு பயமாட்டு இருந்துச்சு" என்றான்.

கோபம் போன இடம் தெரியவில்லை. வீரன் இப்போது எங்கே நிற்கிறான் என்று கேட்டேன். கோபுர வாசலில் என்றான். உள்ளே போ என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். அந்தப் பக்கம் தூத்துக்குடியின் மத்தியானம் கேட்டது, பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே ஒரு ஆட்டோ, கடைக்குள் ஓடும் மின்விசிறி, பெரியத்தையின் காலடி. இந்தப் பக்கம் திருவனந்தபுரம் ஓசையில்லாமல் கிடந்தது. அந்தக் காலடியை வைத்தே இடது கை வருதுல என்று நான் சொல்ல, பாத்துட்டேன் என்று அவன் சொல்ல, கறுத்த திரைக்கு முன்னால் என் விரல் விசையை அழுத்திக்கொண்டே இருந்தது.