பள்ள மூடியும் ஒரு பொட்டும்

தீக்குச்சியோ தீப்பொறியோ இல்லாமல் வாயுவை வெடிக்க வைக்க வேண்டும். எண்பதுகளில் விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டே நான் பார்த்த இன்னொரு வேலை அது. வேலையில் இருந்தபடி டாக்டர் பட்டத்துக்கு நாயாய் அலைந்தவர்களே, உங்களுக்கு என் நிலை சொல்லாமலே புரியும்.

விஷயம் இவ்வளவுதான். நீண்ட இரும்புக் குழாய். நடுவில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் தடுப்பு. ஒரு பக்கம் அழுத்திய காற்று, மறுபக்கம் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும். ஃபிலிம் கிழிந்தால் அதிர்ச்சி அலை ஒன்று வாயுவுக்குள் பாய்ந்து கடைசி மூடியில் மோதும். மூடி தட்டையாக இருந்தால் சும்மா திரும்பிவிடும். பள்ளமாக இருந்தால் ஓரிடத்தில் குவிந்து, அங்கே வாயு சூடேறி வெடிக்கும். பல்கலைக்கழகத்துக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். வெடிக்காவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவு ரத்து.

சத்தம்

ஒப்பிட்டுப் பார்க்க முதலில் தட்டை மூடி. ஒவ்வொரு முறையும் ஃபிலிம் கிழியும் சத்தத்துக்குப் பிரின்சிபால் ஓடி வருவார். "வெடிக்கலை சார், ஃபிலிம்தான் கிழிஞ்சுது" என்பேன். குழாயை வைத்திருந்த எங்கள் ஷெட்டைச் சைக்கிள் நிறுத்தமாக்க அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஆயுத பூஜைக்கு அப்புறம் மெட்ராஸிலிருந்து என் கைடு வந்து பார்க்கும்வரை தவணை கொடுத்தார்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "வெடிக்காததுக்கே இவ்ளோ சத்தம்னா, வெடிக்கிற தேதியை முன்னாடியே சொல்லிடுங்க சார், நான் லீவு போட்டுடறேன்."

குழி

பள்ள மூடியைக் கடைந்து கொடுத்தவர் திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஆரோக்கியம். உட்புறம் முகம் தெரிகிற வழவழப்பு வேண்டும் என்று இரண்டு முறை திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் முறை பஸ் ஏறிப் போனபோது மூடியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தலைகீழாகத் தெரிந்தேன்.

"ஒரு குழிக்கு இம்மாம் பேஜாரா சார்? ஏழு குழியா போட்டிருந்தா வீட்ல பணியாரமாவது சுட்டிருப்பாங்க!"

பொட்டு

எங்கள் லேப் அட்டெண்டர் முனுசாமி திருவாமாத்தூர்க்காரர், பக்திமான். ஆயுத பூஜையன்று தராசிலிருந்து ஸ்குரு டிரைவர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, பள்ள மூடியைக் குழாயில் மாட்டியும் வைத்திருந்தார். லீவு முடிந்து வந்து, அப்படியே வாயுவை நிரப்பி ஃபிலிமைக் கிழித்தேன். குழாயின் அழுத்தத்தைக் காட்டும் ஆஸிலோஸ்கோப் கோடு திரையைத் தாண்டி எகிறியது. வெடித்துவிட்டது! முனுசாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மூடியைக் கழற்றினால், பள்ளத்தின் நட்டநடுவில் கருகிப்போன சந்தனமும் குங்குமமும். அலை குவிந்து வெடித்ததா, குங்குமத் துகள் பற்றிக்கொண்டு வெடித்ததா? மறுநாள் கைடு வருகிறார். சிலிண்டரில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் ஹைட்ரஜன். உள்ளே ஏனய்யா வைத்தாய் என்று கத்திவிட்டேன்.

முனுசாமி நிதானமாகச் சொன்னார்: "வெளிய வச்சா தொடச்சிடுவீங்க சார், அதான் உள்ள வச்சேன்."

துடைத்த பிறகு

அன்று முழுக்க எனக்குள் ஒரு கெட்ட எண்ணம். கொஞ்சம் குங்குமத்தை மறுபடி அப்பிவிட்டால் கட்டாயம் வெடிக்கும், யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். காலையில் கைடு வந்து உட்காருமுன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "துடைச்சுட்டு விடுங்க" என்றார்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். சாமி குத்தம் என்று முனுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடியை மாட்டி, மிச்ச ஹைட்ரஜனையும் நிரப்பி, காற்று வால்வைத் திறந்தேன். ஃபிலிம் கிழிந்தது. கோடு முன்போலவே எகிறியது. கைடு என் தோளில் கை வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முனுசாமி மெல்ல மூடியைக் கழற்றி, பளபளவென்று இருந்த பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி சார், பள்ளத்தாலதான் வெடிச்சுதுன்னே எழுதிக்கோங்க. ஆனா அந்தப் பள்ளத்துக்குப் பூஜை போட்டது யாருன்னும் ஒரு வரி எழுதிடுங்க."

நன்றியுரையில் அந்த வரி இருக்கிறது. கருவியைச் சுத்தம் செய்யும் முறைக்கு மட்டும் என் ஆய்வேட்டில் ஏன் மூன்று பக்கம் என்று தேர்வாளர் கேட்காததற்கு நான் நன்றி சொல்வதுதான் இன்னும் பாக்கி.