குளோசரை மாற்றாத மேனேஜ்மென்ட்

இன்று மத்தியானம் சிட்னியில் பரமட்டா பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி இன்னிங்ஸில் எங்கள் அணி இரண்டு ரன் முன்னிலை. அதைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டிய பிட்சர்தான் குளோசர். எங்கள் குளோசர் வந்தார். தாறுமாறாக வீசி இரண்டு பேரைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிட்டார். அடுத்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. எதிரணிக்கு மூன்று ரன், ஆட்டம் முடிந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

"போச்சு" என்றேன் வாய்விட்டு.

"திரும்பவும் அவனையே விட்டவங்களோ?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும். எங்கள் அணியின் தொப்பி போட்டிருந்தார்.

"ஆமாங்க. மேனேஜ்மென்ட்டுக்கு அவர் மேல அப்படியொரு நம்பிக்கை."

அவர் சிரிக்கவில்லை.

"பதினாலு வருஷம் ஒரே வேர்ஹவுஸில வேலை செய்தனான், தம்பி. ஒரு நாளும் பிந்திப் போகேல்ல. நேற்றுப் பத்து நிமிஷ மீட்டிங்கில அனுப்பிப்போட்டாங்கள். வீட்டில இன்னும் சொல்லேல்ல. விடியவே வெளிக்கிட்டு பஸ்ஸில சுத்திக்கொண்டிருக்கிறன்."

என் ஸ்டாப் வந்தும் இறங்காமல் கடைசி வரை அவரோடு போனேன். நம்பர் வாங்கிக்கொண்டேன்.

மேற்கு சிட்னியில் வேர்ஹவுஸ் வேலை எங்காவது காலி இருப்பது தெரிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். குளோசரைத் திட்ட வருபவர்கள் கீழேயே திட்டலாம், மேனேஜ்மென்ட் எதையும் படிப்பதில்லை.