நில்லி சார்

ஜீவனஹள்ளியில் முதியோர் இல்லம் நடத்தும் அந்த அம்மாளை, அப்பாவைச் சேர்க்கப் போனபோது பார்த்தேன். ஒடிசலான உடம்பு, இழுத்துச் செருகிய புடவை. பேசும்போதுகூட அவர் உட்காரவில்லை.

யோகா வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் நாற்காலியில் அமர்ந்தபடியே கையைத் தூக்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் நடுங்கிக்கொண்டு நின்றார். அவர் உட்காரப் பார்த்தபோதெல்லாம் அம்மாள் கன்னடத்தில் இனிமையாகச் சொன்னார்: "நில்லி சார், நில்லி."

"பாவம், உட்காரட்டுமே" என்றேன்.

"பீன்யா கார்மெண்ட்ஸ்ல எனக்கு சூப்பர்வைசர் இவரு. பாத்ரூம் போய்ட்டு லேட்டா வந்தா 'நில்லே'ம்பாரு. மெஷின் பக்கத்துலயே நிக்கணும். மாசமா இருந்தப்பவும் நிக்க வெச்சாரு. நான் மரியாதையா 'நில்லி'ன்னுதானே சொல்றேன்?"

"கீழே விழுந்துடப் போறார்."

"வீல்சேர்ல வந்தவருங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்னு இவரோட பையன் சொன்னான். அவ்ளோ சீக்கிரம் விட்டுடுவேனா?"

உண்மைதான். பெரியவரின் முதுகு நிமிர்ந்திருந்தது, முகத்தில் ரத்தம் ஓடியது.

சின்ன வயதில் என்னைத் தெருவே பார்க்க வெயிலில் முட்டி போட வைத்தவர் என் அப்பா. கிளம்பும்போது அம்மாளிடம் மெல்லச் சொன்னேன்:

"எங்கப்பாவுக்கும் நாற்காலி வேணாம்மா."