பரீட்சைக்கு ஒரு பொய்த் தேதி

ஜெர்மனியில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் டீ குடிக்க எழுந்து போகிறவர்கள் மேசைமேல் ஓர் அட்டைக் கடிகாரத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். பாவ்சென்ஷைபே, இடைவேளைத் தட்டு, என்று அதற்குப் பெயர். எழுந்த நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் நம் புத்தகங்களை ஓரமாக அடுக்கிவிட்டு வேறொருவர் உட்கார்ந்துகொள்வார். சண்டையே வராது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டு சீட்டுப் பிடித்து வளர்ந்த எனக்கு முதல் மாதம் இது வேடிக்கையாக இருந்தது. பரீட்சைக் காலம் வந்ததும் வேடிக்கை போய்விட்டது. எங்கள் படிப்பில் ஒரு பாடத்தில் மூன்று முறை தோற்றால் அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான். வெப்ப இயக்கவியலில் நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அத்தா எங்கள் ஊர் சூளைகளில் சுட்ட ஊறுகாய் ஜாடியும் டீ கப்பும் விற்கிறார். நான் பீங்கான், கண்ணாடி பற்றிய பொருளறிவியல் படிக்கக் கிளம்பியபோது, "கப்பு செய்யறதுக்கா ஜெர்மனி போற? நம்மூர்ல இல்லாத கப்பா?" என்று சேத்தியாத்தோப்பு மாமி கேட்டார். அந்த மாமிக்கு என் பரீட்சைத் தேதி ஒவ்வொன்றும் தெரியும். தெருவுக்கே தெரியும். எல்லாம் அம்மாவின் வேலை. பத்தாம் வகுப்பிலிருந்து நான் பரீட்சை எழுதும் நாளெல்லாம் அம்மா நோன்பு வைப்பார். சும்மா வைக்கவும் மாட்டார், பார்க்கிறவர்களிடமெல்லாம் "இன்னிக்கி பாப்பாவுக்குப் பரீச்ச, துஆ செய்ங்க" என்பார். சாயங்காலமானால் துஆ செய்தவர்கள் எல்லாரும் விசாரிப்பார்கள். ஊரில் இருந்தபோது அது பெருமையாகத்தான் இருந்தது. இங்கே வந்த பிறகு, பின்னால் தோற்றுப்போன அந்த இரண்டு பரீட்சைகளின் சாயங்காலங்களிலும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரிடமும் "நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

பக்கத்து மேசை யோஹானாவிடம் அம்மாவின் நோன்பைப் பற்றிச் சொன்னேன். அவள் பேனாவை மூடிவிட்டுக் கவலையோடு கேட்டாள்: "உன் அம்மா எதை எதிர்த்துப் பட்டினி கிடக்கிறார்?"

எதையும் எதிர்த்து இல்லை, எனக்காக என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அப்படியானால் நீ தோற்றால் அவர் சாப்பிடமாட்டாரா என்று கேட்டாள். விளக்க விளக்க என் அம்மா கொடுமைக்காரி ஆகிக்கொண்டே போனார். கடைசியில், "என் வீட்டில் யாருக்கும் தேதி சொல்லமாட்டேன். தேறிய பிறகுதான் சொல்வேன்" என்றாள். அந்தச் சுதந்திரத்தைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

தேதியே சொல்லாமலிருக்க எங்கள் வீட்டில் முடியாது. அதனால் பொய்த் தேதி சொன்னேன். பரீட்சை மறு வாரம் புதன்கிழமை. அதற்கு முந்தைய வாரத் திங்கள் என்று சொல்லி வைத்தேன். ஊர் விசாரணை அன்றோடு தீர்ந்துவிடும், மிச்ச நாள் நிம்மதியாகப் படிக்கலாம் என்று கணக்கு. திங்களன்று மதியம் நானே கூப்பிட்டு, "நல்லா எழுதிட்டேம்மா" என்றேன். "சரிம்மா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. நடக்காத பரீட்சைக்கு ஒரு மனுஷியைப் பட்டினி போட்டோமே என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அடுத்த நாட்களில் அம்மாவின் குரல் கொஞ்சம் சோர்வாகக் கேட்டது. என்னவென்று கேட்டால், "வெயிலு தாங்கல" என்றார். அமைதி கிடைத்ததே தவிர, படிப்பு ஏறவில்லை.

புதன்கிழமை பரீட்சை முடிய மதியம் இரண்டு மணி ஆயிற்று. டிராம் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தேன். என்ன எழுதினேன், தேறுமா, ஒன்றும் புரியவில்லை. அரை மணி கழித்து, ஊரில் மாலை ஆறு மணிக்கு, அம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, பசிக்குதும்மா" என்றேன்.

"இன்னிக்கிதான் எழுதுனியா?"

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பரீச்ச எழுதிட்டு வந்தா மொதல்ல பசிக்குதும்ப. அப்புறந்தான் எழுதுன கத. அன்னிக்கி நீ அதச் சொல்லவே இல்லியே."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இது மூன்றாவது தடவை, போனால் படிப்பே போய்விடும் என்பதையும் சொன்னேன்.

"மூணாவதா?" என்றார். "சொன்னா நா திட்டுவனா?"

"தெருவெல்லாம் சொல்லுவ."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்று சிரித்தார். "சரி, அழுவாத. நோன்பு தெறக்க இன்னும் அர மணி இருக்குது."

"இன்னிக்கி ஏது நோன்பு?"

"நெசமா எந்த நாளுன்னு நீ சொல்லலியே. அதான் பசிக்குதுன்னு எப்ப சொல்லுவியோன்னு தெனம் வச்சிட்டேன்."

பத்து நாள். விருத்தாசலம் வெயிலில் பத்து நாள். என் பொய் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. போனிலேயே மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஒடம்பு எளச்சிருக்குது, ஒங்கத்தாவே சொன்னாரு" என்றார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. தேறியிருந்தேன், அதுவும் தேறுவதற்கான கடைசி மதிப்பெண்ணில். அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்தப் புதன்கிழமைதான் மறக்கவில்லை.

"போன வைக்காத, பாங்கு சொல்லட்டும்" என்றார் அம்மா. வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு டிராம்கள் வந்து போயின. மூன்று மணி தாண்டியதும் போனுக்குள் எங்கள் தெருப் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்டது. அம்மா பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழம் கடிப்பதும் கேட்டது. எனக்கு நோன்பு இல்லை. பயத்தில் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, அவ்வளவுதான். இருந்தும் பாங்கு வந்த பிறகுதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சூரியன் மறைய இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.