ஒட்டுப்பால் பந்து போட்ட கை

ஒட்டுப்பால் எரிகிற வாசனையை ஒரு தடவை மூக்கில் வாங்கியவர்கள் அதை மறப்பதில்லை. ரப்பர் மரத்தின் வெட்டு வாயில் காய்ந்து நூலாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாலுக்கு மழை பட்டால் ஒரு நாற்றம், வெயில் பட்டால் வேறொரு நாற்றம். நெருப்புப் பட்டால் மட்டும் கண்ணைக் கரித்துக்கொண்டு, தொண்டைக்குள் லேசாக இனித்தபடி இறங்கும் கறுத்த புகை. மாத்தளையிலிருந்து பல்லேபொல போகும் வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடந்தால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். வெளியூர் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் அந்த நாற்றம் எங்களுக்கு விளையாட்டின் வாசனையாக இருந்தது, ஏனென்றால் எங்கள் பந்து அதில் செய்ததுதான்.

கடைப் பந்தை நாங்கள் கண்ணால்தான் பார்த்திருந்தோம். காலையில் பால் வெட்டுகிறவர்கள் வருவதற்கு முன்பே மரத்துக்கு மரம் ஓடி, முந்தின நாள் வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி, அறுந்துவிடாமல் நீளமாக உரித்து, ஒரு ரப்பர் விதையின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றினால், சாயங்காலத்துக்குள் ஒரு பந்து தேறிவிடும். தரையில் போட்டால், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் கூரை வரை துள்ளும். ஆனால் கனம். கையில் எடுத்தால் கல்லைத் தூக்கின மாதிரி இருக்கும். “தோட்டத்து ஒட்டுப்பால உருண்ட புடிச்சீங்கன்னா, தொர ஒங்களப் புடிச்சு உருட்டிருவாரு” என்று கங்காணி ஐயா வாரத்துக்கு ஒரு முறையாவது மிரட்டுவார், அவருடைய மகனும் எங்கள் கட்சியில் ஆடுகிறான் என்பது தெரிந்தே.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் தை, மாசி மாதங்களில் தோட்டம் முழுவதும் செம்பழுப்பாக ஒரு மெத்தை விரிந்து கிடக்கும். மரங்களுக்கு மேலே அதுவரை இல்லாத வானம் திடீரென்று வந்து நிற்கும். அந்த வெளிச்சத்தில்தான், ‘பிரட்டுக்களம்’ என்று நாங்கள் சொல்லும், விடியற்காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் மைதானத்தில், கிரிக்கெட் நடக்கும். முள்முருங்கைக் கட்டையில் செதுக்கிய மட்டை என் அண்ணன் ராமையாவினுடையது. ஆகவே அவன்தான் கேப்டன். மட்டை பிடிக்க எல்லாப் பையன்களும் அடித்துக்கொள்வார்கள். பந்து போட மட்டும் ஓர் ஆள் வரமாட்டான். மட்டை பிடிப்பது துரைத்தனம், பந்து போடுவது கூலி வேலை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும், அந்தப் புத்தி எங்களுக்குள் எப்படியோ ஊறியிருந்தது. கடைசியில் பன்னிரண்டு வயதுப் பொம்பளைப் பிள்ளை ஒருத்தி கிடைத்தாள். “ஏ பாக்கியம், வந்து போடு” என்றான் அண்ணன். போட்டேன். மட்டையைத் தொடக்கூட விட மாட்டார்கள் என்பது வேறு கதை.

எல்லாருக்கும் நானே போட்டதில் எனக்குக் கை திறந்துவிட்டது. ஓடிவந்து, கையைத் தலைக்கு மேல் சுழற்றி, விரல் நுனியிலிருந்து பந்து கழன்று போகிற அந்த ஒரு கணத்தில் உடம்புக்கு எடையே இல்லாமல் போகும். பந்துடன் நானும் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது போல இருக்கும். இலைகள் சுழன்று இறங்கும், எங்கோ ஒரு லயத்தில் ரொட்டி சுடும் புகை, தூரத்தில் யாரோ மாட்டைக் கூப்பிடும் குரல், எல்லாம் மெல்ல விலகிப் போக, நானும் அந்த மூன்று குச்சிகளும் மட்டும் அந்த மாலைக்குள் மிதந்துகொண்டிருப்போம். என் பந்துக்குக் குச்சி பறக்காத பையன் அந்தத் தோட்டத்தில் இல்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, என்ன செய்ய?

பிறகு வலி வந்தது. முதலில் முழங்கையின் உள்பக்கம் ஊசி குத்தின மாதிரி, அப்புறம் தோள். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே நின்றுவிடும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா பால் வெட்டுகிறவள். புதிதாகக் கத்தி பிடிக்கிறவர்களுக்கெல்லாம் முதல் மாதத்தில் கை வீங்கும். வெட்ட வெட்ட அது மரத்து, காய்ப்பேறி, பிறகு வலிக்காது. அவளுக்கு அப்படித்தான் நடந்தது, அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தான். எங்கள் லயத்தில் இதற்கென்று ஒரு சொல்லே இருந்தது: “வேல வலி வேலயிலதான் போகும்.” அம்மா வேப்பெண்ணெயைச் சூடாக்கி, அவ்வளவு அன்பாக, என் தோளில் தேய்த்துக்கொண்டே அதைத்தான் சொன்னாள். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை; தங்கச்சியின் வலி போகவேண்டுமே என்றுதான் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகுமுன் காலையிலும் என்னைப் பந்து போட வைத்தான். அதுவும் புதிதாகச் சுற்றின பெரிய பந்து. கனமான பந்தில் பழகினால் கை சீக்கிரம் காய்த்துவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு. இரவில் அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தூங்கினேன். இனி இந்தக் கை மேலே போகவே போகாதோ என்று பயம் வந்துவிட்டது.

அந்தப் பயத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்டுப் பையன்களோடு மேட்ச் ஆடப் போனோம். தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்தை நாங்கள் ‘நாடு’ என்போம். அறுவடை முடிந்த வயலில், நெல்லுத் தாள் காலில் குத்தக் குத்த ஆட்டம் நடந்தது. அவர்களுடைய கேப்டன் பண்டா என்று ஒரு நெட்டைப் பையன். பொம்பளைப் பிள்ளை பந்து போட வந்ததைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். இரண்டு குச்சி பறந்ததும் சிரிப்பு நின்றது. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு நான் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி நடந்தேன். எங்கள் ஆட்கள் அதைப் பார்க்கவில்லை, அவர்கள் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்டாதான் மட்டையோடு எதிரில் நின்றவன், அவனுக்கு என் முகம் நேராகத் தெரிந்தது. மட்டையை வயலில் சாய்த்துவிட்டு நடந்து வந்து, சிங்களத்தில், மெதுவாக, “போதும் நங்கி, கை போயிரும்” என்றான். நங்கி என்றால் அவர்கள் பாஷையில் தங்கச்சி.

அண்ணன் பாய்ந்து வந்தான். எனக்கும் அவனுக்கும் இடையில் நின்றுகொண்டு, “அவன் பேச்சக் கேக்காத புள்ள, ஒன்னய நிப்பாட்டுனா ஜெயிச்சிரலாம்னு ஏமாத்துறான்” என்றான். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நியாயம்தானே, எதிர்க்கட்சிக்காரன் சொல்வதை யார் நம்புவார்கள்? நான் அடுத்த பந்தைப் போட்டேன். தோளுக்குள் ஏதோ இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அதற்கப்புறம் போட்டதெல்லாம் யார் கையாலோ போட்டதுபோல் ஞாபகத்தில் இருக்கிறது. ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கை தொங்கிக்கொண்டே வந்தது. அந்த வாரமே தோட்டத்து அணிக்கு இன்னொரு மேட்ச் பேசியிருந்தார்கள்.

அந்த மேட்சுக்கு நான் போகவில்லை. அதற்கு முன்பே வயசுக்கு வந்துவிட்டேன்.

தாய்மாமன் வந்து, ‘காம்பரா’ என்கிற எங்கள் ஒற்றை அறை வீட்டின் முன்பக்கத்து ‘இஸ்தோப்’புத் திண்ணையில் பச்சை ஓலையால் ஒரு குடிசை கட்டினார். அதற்குள் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு குவளை, காத்துக் கறுப்பு அண்டாமல் இருக்கத் தலைமாட்டில் ஓர் இரும்பு. மற்ற ஊர்களில் அரிவாளோ ஆணியோ வைப்பார்கள். எங்கள் தோட்டத்தில் வைத்தது அம்மாவின் தேய்ந்த பால் கத்தி. காலையில் நல்லெண்ணெய் ஊற்றின முட்டை, மத்தியானம் உளுந்துக்களி. தண்ணீர் தூக்கக்கூடாது, விறகு தொடக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது. பிறந்ததிலிருந்து அந்தக் கை அத்தனை நாள் சும்மா இருந்ததே இல்லை. ஓலை இடுக்கு வழியாக வெயில் காசு காசாய் என் மடியில் விழுந்து நகரும்; நான் அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன், விழிப்பேன், மறுபடி தூங்குவேன். பிரட்டுக்களத்தில் பந்து மட்டையில் படும் சத்தம் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். யாரோ சத்தமில்லாமல் வந்து தோளிலிருந்து வலியை நூல் நூலாக உரித்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. ஒரு காலையில் கையைத் தூக்கினேன். ஓலைக்கூரையை விரல் தொட்டது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலமே பந்து உருண்டு குடிசைக்குள் வந்தது. பின்னாலேயே ஓடிவந்த அண்ணன் வெளியே நின்றுகொண்டு, “பாக்கியம், தொட்றாத, தொட்றாத, காலால தள்ளி விடு” என்று கெஞ்சினான். அந்த நாட்களில் நான் தொட்டது எதுவும் வெளியே போகாது. தட்டு, குவளை, பாய் எல்லாம் குடிசையோடு சரி. எனக்கு அது நன்றாகத் தெரியும். கையை நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போனான். அன்றிரவு அந்தப் பந்தை மேலே எறிந்து பிடித்து, எறிந்து பிடித்து, அடுத்த மேட்சில் பண்டாவுக்கு எப்படிப் போடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தண்ணி ஊற்றுகிற அன்று, புதுச்சேலைக்குள் நிற்க முடியாமல் நின்றுகொண்டு, எப்போதிலிருந்து விளையாடப் போகலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “போதும்டி வெளையாண்டது” என்றாள். வலித்தபோது எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வராத அந்த வார்த்தை, கை நேரானபிறகு வந்தது. மாமன் குடிசையைப் பிரித்துக் குவித்துத் தீ வைத்தார். பாய்க்குள் பந்து இருந்தது. முதலில் ஓலை வெள்ளையாகப் புகைந்தது, பிறகு கறுப்பாக எழும்பிய புகையைப் பார்த்து, இதென்ன ஒட்டுப்பால் நாற்றம் என்று பொம்பளைகள் சேலையால் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன்.

பால் கத்தியை மட்டும் எரிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது அதற்குப் புதுப்பிடி போட்டு அம்மா என் கையில் கொடுத்தாள். அதன்பிறகு தலை நரைக்கும்வரை பால் வெட்டினேன். மரத்துக்கு மரம் அதே இழுப்பு, அதே தோள். எத்தனை மரத்தோடு நிறுத்தலாம் என்று எந்தக் கங்காணியும் கேட்டதில்லை. வலித்தது, மரத்தது, காய்த்தது. அம்மா சொன்னது பொய் இல்லை. ஆனால் இப்போது தலை வாரிக்கொள்ள எனக்கு இடது கைதான்.

அந்த ரப்பர் மரங்களை வெட்டி மிளகும் வீட்டு மனையும் ஆக்கிவிட்டார்கள். பிரட்டுக்களத்தில் ஒரு டவர் நிற்கிறது. எங்கள் கட்சியில் ஆடியவர்களில் பாதிப்பேர் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார்கள். கங்காணி மகன் எந்த ஊரில் இறங்கினான் என்றுகூடத் தெரியாது. ஒட்டுப்பாலில் பந்து சுற்றத் தெரிந்த பிள்ளை இன்று ஒன்றுகூட இல்லை, அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. நானும் அண்ணனும் மாத்தளை டவுனில் அவன் மகன் வீட்டில் இருக்கிறோம். அண்ணனின் பேத்தி பள்ளிக்கூடத்து சாஃப்ட்போல் கிரிக்கெட் டீமில் பந்து போடுகிறாள். போன வாரம் ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். இன்னும் போட முடியும் என்று எவ்வளவு சொல்லியும், சின்னப் பிள்ளைகளின் தோளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சொல்லி, கோச் அவளை உட்கார வைத்துவிட்டாராம்.

“ஒங்களுக்கு யாராவது அப்பிடிச் சொன்னாங்களா அப்பாயி?” என்று கேட்டாள்.

“ஒரு நாட்டுப் பையன் சொன்னான்டி. எங்க கேப்டன் நம்பல.”

கேப்டன் பக்கத்து நாற்காலியில் பத்திரிகையோடு இருந்தான். பேத்தி சிரித்துவிட்டு உள்ளே போனாள். அவன் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தான். பிறகு என் வலது தோளைப் பார்த்துக் கேட்டான்: “அப்ப அவன் நெசமாத்தான் சொல்லிருக்கான், இல்ல?”

“நெசமாத்தாண்ணே” என்றேன்.