நூற்றுப் பத்து வயதுத் தம்பி

என் மாமனாருக்கு நூற்றுப் பத்து வயது. அவரே சொல்கிற கணக்கு. ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து சண்டைக்குப் போய்த் திரும்பியவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை, காலில் தழும்பு இருக்கிறது. வயதைத்தான் செனாவாங்கில் எங்கள் வீட்டு வரிசையில் ஒருவரும் நம்புவதில்லை. சண்டைக் கதையை ஆரம்பித்தால் பேரப்பிள்ளைகள்கூட மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வயதைச் சொன்னால்தான் ஆட்கள் உட்காருகிறார்கள். அதனால் வயது ஏறிக்கொண்டே போனது.

“சாவுறதுக்குள்ள பேப்பர்ல படம் வரணும், மாப்பிள்ளை. மாநிலத்துலயே மூத்தவன், சண்டைக்குப் போனவன்னு போடணும்.”

மாப்பிள்ளை நான் பேயாய் அலைந்தேன். சம்பளமில்லாமல் எழுத்து வேலை பார்க்கும் கிராணி என்று மனைவி பெயர் வைத்தாள். கடைசியில் ஒரு நிருபர் இசைந்தார். மாமாவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த யாராவது நேரில் சொல்ல வேண்டும் என்றார்.

தோட்டத்து ஆட்களில் மிஞ்சியவர் ஒருவர்தான். பக்கத்து ஊரான ராசாவில் இருக்கும் பெரியம்மா, மாமாவின் கூடப் பிறந்த அக்கா. நானே போய்க் காரில் ஏற்றி வந்தேன். வழியெல்லாம் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரியம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, பட்டாளத் தொப்பியோடு விறைப்பாக உட்கார்ந்திருந்த மாமாவிடம், “என்னடா தம்பி, சாப்டியா?” என்றார்.

காத்திருந்த நிருபர் பெரியம்மாவின் வயதைக் கேட்டார். தொண்ணூற்றெட்டு என்றார். அப்போதாவது மாமா சும்மா இருந்திருக்கலாம். அக்கா குறைத்துச் சொல்கிறார், நூற்றுப் பதினான்கு என்று அடித்துப் பேசினார்.

“யாருக்குடா நூத்திப் பதினாலு? நான் இன்னும் பஸ் ஏறி கோயிலுக்குப் போறவ.”

நிருபர் பொறுமையாக விளக்கினார். ஐயா சொல்வது நிஜமென்றால் மூத்தவர் அம்மாதான், அம்மா படம்தான் வரும். இல்லையென்றால் யார் படமும் வராது. என் படம் வந்தால் காலை ஒடிப்பேன் என்று பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். யார் காலை என்று சொல்லவில்லை, முந்தானை ஓரமாக என்னைத்தான் பார்த்தார்.

டீயைக் குடித்துவிட்டு நிருபர் கிளம்பினார். சண்டையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கார் வரை பின்னால் போய், வயதை விடுங்கள், சண்டையை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். “அதெல்லாம் நெறைய போட்டாச்சு லா, அண்ணே,” என்றார்.

பெரியம்மாவைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது, வழியில் ரஹாங் தாண்டியதும்தான் முகத்திலிருந்து முந்தானையை எடுத்தார். பிறகு, “பதினாலு வயசு அவனுக்கு, மீசைகூட மொளைக்கல. பெரிய ஆளுன்னு பொய் சொல்லிட்டு லாரி ஏறிட்டான். நான் ரோடு வரைக்கும் அழுதுகிட்டே ஓடினேன். இதைக் கேட்டானா அந்தப் பேப்பர்காரன்?” என்றார்.

கையிலிருந்த நல்ல கதையை விட்டுவிட்டு நாங்கள் நூற்றுப் பத்தைக் கட்டி அழுதிருக்கிறோம். வீட்டுக்கு ஓடி வந்து மாமாவிடம் சொன்னேன், நிருபரைத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றேன்.

மாமா தொப்பியைக் கழற்றவே இல்லை.

“பொடிப் பயலா போனேன்னு போட்டா எவன் மதிப்பான், மாப்பிள்ளை? வேற சாட்சி பாருங்க.”

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அக்காவைவிட மூத்த சாட்சியாக வேண்டுமாம்.