படுத்தால் தீரும் மூச்சு

என் வீட்டுக்காரருக்குத் தறியில் உட்கார்ந்தால் மூச்சு வாங்கும், பாயில் படுத்தால் சரியாகிவிடும். இதை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? எனக்கோ வாய் கொஞ்சம் நீளம்.

கல்யாணத்துக்கு முன்பு வந்த காமாலையில் அவர் ஈரல் கெட்டிருந்தது. குடிப்பழக்கமெல்லாம் கிடையாது. ஈரல் கெட்டவருக்கு மூச்சு ஏன் வாங்க வேண்டும்? அது முகூர்த்தச் சீசன். எங்கள் ஊர் முள்ளிப்பட்டு முழுக்கத் தறிச் சத்தம், எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. கையைப் பிடித்து எழுப்பி உட்காரவைப்பேன். கொஞ்ச நேரத்தில் உதடு கறுத்து, மறுபடி படுத்துவிடுவார். தெருவுக்கே கேட்கத் திட்டுவேன். அவர் சிரிப்பார். பதில் பேச அவருக்கு மூச்சில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனதே டாக்டரம்மாவிடம் அவருக்கு நாலு திட்டு வாங்கிக் கொடுக்கத்தான். என் வீட்டுக்காரர், மூச்சு வாங்குது என்றதோடு நிறுத்திக்கொண்டார். நான் விடவில்லை.

"சும்மா படுத்துகினே இருக்காருங்க. உட்கார்ந்தாதான் மூச்சு வாங்குதாம், படுத்தா போயிடுதாம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவரைப் படுக்கவைத்து விரலில், ரத்தத்தில் உள்ள காற்றை அளக்கும் ஒரு கருவியை மாட்டினார். தொண்ணூற்று மூன்று காட்டியது. உட்காரவைத்தார். எண்பத்தைந்துக்கு இறங்கியது. கருவிக்கு நடிக்கத் தெரியாதே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லவேளை நீங்க சொன்னீங்கம்மா. இதைத்தான் அவர் சொல்லவே இல்லை" என்றார்.

குடலில் உண்டாகும் நச்சை ஈரல் தடுக்க வேண்டுமாம். கெட்ட ஈரல் விட்டுவிட்டால் அது நுரையீரல் வரை போய், அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களை அகலமாக்கிவிடுமாம். ரத்தம் காற்றை வாங்காமலே ஓடிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தால் இன்னும் மோசம். வயிற்றுக்குள் இருப்பது மூச்சில் வந்து நிற்கும் என்று நான் கண்டேனா? முழுதாகத் தீர வேறு ஈரல்தான் வைக்க வேண்டுமாம், அது எங்களுக்கு எட்டாத காரியம். குடல் சுத்தமாக இருக்க ஒரு இனிப்பு மருந்து கொடுத்தார். தினம் இரண்டு மூன்று தடவை வெளிக்குப் போக வேண்டும், அதைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. இந்த வேலைக்கு என் வாயே போதும்.

ஊருக்குத் திரும்பும் ஆரணி பஸ்ஸில் கடைசி நீள சீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள்.

"கொஞ்சம் எழுந்திரிங்க. உட்கார்ந்தா எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கும், படுக்கணும்."

அவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. நான் இத்தனை நாள் பார்த்த பார்வைதான் அது. சண்டை போட்டு எழுப்பினேன். அவர் படுத்துக்கொண்டு சிரித்தார். ஆரணி வரும்வரை அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே வந்தேன்.